ஜப்பான் வயதுப் பிரமிடில் அந்தப் பள்ளம் பிழையில்லை

ஜப்பான் வயதுப் பிரமிடில் (எந்த வயதில் எத்தனை பேர் என்று பட்டைகளாக அடுக்கிக் காட்டும் வரைபடம்) 1966-இல் பிறந்தவர்களின் பட்டை மட்டும் உள்ளே போகிறது, எக்செல்லில் ஏதோ விட்டுப்போச்சா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க, உங்கள் கோப்பு சரிதான். 1966 ஜப்பானின் பழைய நாட்காட்டிப்படி 'நெருப்புக் குதிரை' ஆண்டு. 60 வருடத்துக்கு ஒருமுறை வரும். அதில் பிறந்த பெண் கணவன் ஆயுளைக் குறைப்பாள் என்று நம்பிக்கை (நம்ம பெண் மூலம் கதை மாதிரிதான்). 1965-இல் சுமார் 18 லட்சம் குழந்தைகள், 1966-இல் 13.6 லட்சம், மறு வருடமே 19 லட்சத்துக்கு மேல்!

மேலே புடைத்திருப்பது போருக்குப் பின் 1947–49-இல் பிறந்தவர்கள். அடுத்த புடைப்பு அவர்களின் பிள்ளைகள், 1971–74. பேரப்பிள்ளைகளின் புடைப்பு வரவேயில்லை; அடிப்பகுதி ஒடுங்கியது அதனால்தான்.

அப்புறம், ஒவ்வொரு வயதாகவே வரையுங்கள். ஐந்தைந்து வயதாகச் சேர்த்தால் அந்தப் பள்ளம் அநேகமாக மறைந்துவிடும்.