"யோசிச்சுச் சிரி" என்று சொல்லி அனுப்பாதீர்கள்

உங்கள் மகள் இன்டர்வியூவில் சிரித்துவிட்டாள், அதனால்தான் வேலை கைவிட்டுப் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். "யோசிச்சுச் சிரின்னு எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறா, நீங்களாவது சொல்லுங்க" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் அவளிடம் அதைச் சொல்லப் போவதில்லை, அம்மா. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கவலையோடு என்னிடம் வருகிற பெற்றோர் நிறையப் பேர், அவர்களில் பாதிப் பேராவது பிள்ளையை வாசல்வரை கொண்டுவிட்டு, கடைசி வார்த்தையாக "அங்க போய்ப் பல்லைக் காட்டாதே" என்று சொல்லித்தான் உள்ளே அனுப்புகிறார்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். தானாக வருகிற சிரிப்பும் நாமாகச் சிரிக்கிற சிரிப்பும் மூளைக்குள் ஒரே வழியில் வருவதில்லை. பக்கவாதம் வந்து முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்த சிலரிடம் "சிரியுங்கள்" என்றால் வாய் ஒரு பக்கம் மட்டும்தான் அசையும், ஆனால் அவர்களே நல்ல வேடிக்கை ஒன்றைக் கேட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலச் சிரிப்பார்கள். நம் கட்டளை போகிற பாதை வேறு, உணர்ச்சி போகிற பாதை வேறு. பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862-லேயே இதற்குப் பக்கத்தில் வந்துவிட்டார்: கன்னத்துத் தசை சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றியிருக்கும் தசை உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் அசையும் என்று எழுதினார். ஆக, சிரிப்பு வருமுன் யோசி என்பது நடக்காத காரியம். யோசித்து முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிடும், அல்லது சிரிக்க வேண்டிய நேரம் போய்விடும். இடையில் என்ன நடக்கும் தெரியுமா? பிள்ளை ஒரு காதைக் கேள்விக்கும் இன்னொரு காதைத் தன் வாய்க்கும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள், கேள்வி பாதிதான் உள்ளே போகும்.

சரி, உங்கள் மகளிடம் வருவோம். போன வாரம் அவளை உட்காரவைத்து மாதிரி இன்டர்வியூ ஒன்று நடத்தினேன், அவள் சம்மதத்தோடு போனில் வீடியோவும் எடுத்தோம். இருபது நிமிடம். முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து போட்டுப் பார்த்தோம், எங்கெங்கே சிரிக்கிறாள் என்று அவளே ஒரு தாளில் கோடு போட்டாள். பதினொரு கோடு. அதில் ஒன்றுகூட வேடிக்கையான இடத்தில் இல்லை. "காலேஜ் விழாக் கணக்கு மொத்தமும் நான்தான் பார்த்தேன்" என்றாள், உடனே ஒரு சின்னச் சிரிப்பு. "ஒரு பேப்பர்ல அரியர் வச்சேன், அப்புறம் எழுதி பாஸ் பண்ணிட்டேன்", மறுபடி சிரிப்பு. ஒரு கேள்விக்கு "தெரியலை சார்" என்றாள், அங்கேயும். ஒவ்வொரு தடவையும் கை தானாக மேலே போய் வாயைப் பாதி மறைத்தது. அந்தக் கை நீங்கள் சொல்லிக் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

பெருமையாகச் சொல்லும்போது ஒரு சிரிப்பு, கூச்சப்படும்போது ஒரு சிரிப்பு, எல்லாமே வாக்கியத்தின் வாலில். இது உங்கள் மகளுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பொது இடங்களில் பேசிக்கொண்டிருந்தவர்களைக் கவனித்து 1,200 சிரிப்புகளைக் குறித்து வைத்தார். பெரும்பாலான சிரிப்பு ஜோக்குக்கு வந்ததே இல்லை, "சரி, அப்புறம் பார்ப்போம்" மாதிரி சாதாரணப் பேச்சுக்குத்தான் வந்தது. கேட்பவரைவிடப் பேசுபவர்தான் அதிகம் சிரித்தார். அந்தச் சிரிப்பும் பேச்சின் நடுவே வராமல், வாக்கியம் முடிகிற இடத்தில், முற்றுப்புள்ளி வைக்கிற மாதிரி வந்து உட்கார்ந்தது.

பதற்றமும் சிரிப்பாக வெளியே வரும். ஸ்டான்லி மில்கிராம் 1963-ல் வெளியிட்ட சோதனையைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், பக்கத்து அறையில் இருப்பவருக்கு மின்அதிர்ச்சி கொடுக்கச் சொல்லி ஒருவரை வற்புறுத்தினால் எதுவரை போவார் என்று பார்த்தது (அதிர்ச்சி பொய், ஆனால் கொடுப்பவருக்கு அது தெரியாது). அதில் கலந்துகொண்ட 40 பேரில் 14 பேர் நடுவில் சிரித்தார்கள். வேர்த்து, நடுங்கி, அதற்கிடையில் சிரித்தார்கள். சந்தோஷப்பட்டுச் சிரிக்கவில்லை என்று பிறகு வருந்தி விளக்கமும் சொன்னார்கள். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவருக்கு இந்த விவரமெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லையே. "நான்தான் செய்தேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தால், இவளே இதை நம்பவில்லை போல என்று அவர் காதில் விழும். அரியரைச் சொல்லிச் சிரித்தால், இந்தப் பெண்ணுக்கு இது பெரிய விஷயமே இல்லை போல என்று விழும். இரண்டும் உங்கள் மகளுக்குச் செய்கிற அநியாயம், ஆனால் நடக்கிறது.

அதனால் நான் அவளுக்குக் கொடுத்த பயிற்சியில் "சிரிக்காதே" என்ற வார்த்தையே கிடையாது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லைச் சொல், உதட்டை மூடு, மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விடு, எதிரே இருப்பவரைப் பார். அவ்வளவுதான். சிரிப்பு வைக்கிற அந்த முற்றுப்புள்ளியை மூச்சு வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெருமையான வாக்கியம் ஒன்று, கூச்சமான வாக்கியம் ஒன்று, இரண்டை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். முதல் மூன்று தடவை சிரிப்பு எட்டிப் பார்த்தது. நாலாவது தடவை "நான்தான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு அப்படியே நிறுத்தினாள். இரண்டு விநாடி அமைதி. "ரொம்ப நேரம் மாதிரி இருந்துச்சு சார்" என்றாள். வீடியோவில் பார்த்தபோது அது நேரமாகவே தெரியவில்லை, சொன்னதைத் தெரிந்து சொல்கிற ஒரு பெண் தெரிந்தாள். தினமும் பத்து நிமிடம் இதைச் செய்தால் போதும். மீறிச் சிரிப்பு வந்துவிட்டால் "கொஞ்சம் பதற்றமா இருக்கு, மறுபடி சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அந்த வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்லலாம். நான் பேனலில் உட்கார்ந்த நாட்களில் இப்படிச் சொன்ன யாருக்கும் மதிப்பெண் குறைத்ததில்லை.

உண்மையாகவே வேடிக்கையாக ஏதாவது நடந்தால்? சிரிக்கட்டும், தாராளமாக. பேனலில் ஒருவர் சொன்னது அவளுக்கு வேடிக்கையாகப் படவில்லை என்றால் மட்டும் மரியாதைக்காகச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டாம், ஒரு புன்னகை போதும். கேட்பவர் காது நாம் நினைப்பதைவிடக் கூர்மையானது. இரண்டு பேர் சேர்ந்து சிரிக்கிற ஒரே ஒரு விநாடி ஒலியை மட்டும் போட்டுக்காட்டி, இவர்கள் நண்பர்களா, புதிதாகச் சந்தித்தவர்களா என்று 24 சமூகங்களைச் சேர்ந்தவர்களிடம் கேட்ட ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. வேறு எந்தத் தகவலும் இல்லாமலேயே நூற்றுக்கு 61 தடவை சரியாகச் சொன்னார்கள். அதுவும் சிரித்தவர்களின் மொழியே தெரியாதவர்கள் பலர். பேனலுக்கு முழு முகமும் அரை மணி நேரமும் கிடைக்கிறது, ஒப்புக்குச் சிரிப்பது அவர்களுக்குத் தெரியாமலா போகும்?

ஆன்லைன் இன்டர்வியூ என்றால் ஒரே ஒரு எச்சரிக்கை. ஒலி கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரும், அவர் அடுத்த பேச்சை ஆரம்பித்த பிறகு உங்கள் சிரிப்பு அவர்மேல் போய் விழும். அங்கே முகத்தால் சிரித்தால் போதும்.

இப்போது நீங்கள் சொல்வது சரியாக இருக்கிற இடம். அடுத்தவரைப் பார்த்துச் சிரிப்பது. ஒரு குரூப் டிஸ்கஷனில் ஒரு பையன் ஒரு வார்த்தையைத் தப்பாக உச்சரித்தான். எதிரே இருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அரை விநாடிகூட இருக்காது. அந்த இருவரில் ஒருவன்தான் அன்று அருமையாகப் பேசியவன், என் தாளில் முதலிடத்தில் இருந்தவன். நான் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை, இன்றைக்கும் அதற்காக வருந்தவில்லை. தப்பாக உச்சரித்த பையன் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை, அவனிடம் சொல்ல நல்ல விஷயம் இருந்தது. திருக்குறளில் மன்னரைச் சேர்ந்தொழுகல் என்ற அதிகாரமே மேலிடத்தில் வேலை பார்ப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான், அதில் 694-வது குறள் பெரியவர்கள் முன்னால் காதோடு பேசுவதையும் சேர்ந்து சிரிப்பதையும் ஒன்றாக வைத்து, இரண்டையும் விடு என்கிறது. பார்க்கிறவருக்கு எதைப் பற்றி என்று தெரியாதல்லவா, தன்னைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொள்வார்.

ஆனால் இதற்கும் அந்த விநாடியில் யோசிப்பது மருந்தாகாது. பக்கத்து வீட்டுப் பையன் மார்க்கைச் சொல்லி வீட்டில் எல்லோரும் சிரித்தால், யாரோ திக்கிப் பேசுவதை நடித்துக்காட்டிச் சிரித்தால், பிள்ளையின் வாய் அதைப் பழகிக்கொள்கிறது. பழகியது இன்டர்வியூ அறையில் தானாக வெளியே வரும். இதை மட்டும் வீட்டில்தான் சரிசெய்ய முடியும், என்னால் முடியாது.

காரணமே இல்லாமல், நிறுத்தவே முடியாமல் சிரிப்பு வருகிறது, சூழ்நிலைக்குச் சம்பந்தமே இல்லை என்றால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். உங்கள் மகளிடம் அப்படி எதுவும் நான் பார்க்கவில்லை, அதனால் அதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

இன்னொன்று, இதை நீங்கள் வீடியோவில் பார்த்திருக்க வேண்டும். விழாக் கணக்கில் ஒரே பில் இரண்டு தடவை ஏறியிருந்ததை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டேன். நாலு நிமிடம் பேசினாள், கை வாய்க்குப் போகவே இல்லை, ஒரு சிரிப்பு இல்லை, கண் விரிந்து, விரலால் மேஜைமேல் கட்டம் போட்டுக் காட்டினாள். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள், அது மட்டும் நல்ல சிரிப்பு. அவள் தாளில் அதற்குக் கோடு போடவில்லை, போட வேண்டாம் என்று நானும் சொன்னேன்.

அடுத்த இன்டர்வியூ வியாழக்கிழமை என்றாள். இன்று ராத்திரி சாப்பிடும்போது அந்த பில் விஷயத்தை அவளிடம் கேளுங்கள், அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே எதுவும் பேசாதீர்கள்.