பரிபூரண பலன்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

இறந்தோரை நினைவுகூரும் கல்லறைத் திருநாள் (நவம்பர் 2) வருகிறது, அதனால் பலன்கள் பற்றித்தான், அதாவது பாவத்துக்கான தண்டனையை நீக்கத் திருச்சபை தரும் உதவி (indulgence) பற்றித்தான், எல்லோரும் கேட்கிறீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அண்ணா, பரிபூரண பலன் கிடைத்தால் பாவமெல்லாம் மன்னிக்கப்பட்டுவிடுமா? அப்புறம் குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் எதற்கு?

இல்லை. முக்கால்வாசிப் பேர் குழம்புகிற இடம் இதுதான். பாவத்தை மன்னிப்பது பாவசங்கீர்த்தனம், பலன் அதற்குப் பிறகு வருவது. குற்றம் மன்னிக்கப்பட்டாலும் அந்தப் பாவம் நமக்குள் விட்டுப்போன கோணல் இருக்கிறதல்லவா, அது நேராக வேண்டும், அதைத்தான் திருச்சபை தற்காலிகத் தண்டனை என்கிறது. தாவீதைப் பாருங்கள். ஆண்டவர் உன் பாவத்தை நீக்கிவிட்டார் என்று இறைவாக்கினர் நாத்தான் சொன்ன பிறகும் தாவீது அதன் விளைவுகளைச் சுமக்க வேண்டியிருந்தது. இந்த மிச்சம் இங்கே செபத்தாலும் தவத்தாலும் தர்மத்தாலும் தீரும், இல்லாவிட்டால் இறந்த பின் ஆன்மா தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தீரும். கிறிஸ்துவும் புனிதர்களும் ஈட்டிய பேறுகளிலிருந்து திருச்சபை நமக்கு எடுத்துத் தரும் உதவிதான் பலன்.

பாட்டியின் பழைய செபப் புத்தகத்தில் '300 நாள் பலன்' என்று போட்டிருக்கிறது. உத்தரிக்கிற ஸ்தலத்தில் 300 நாள் குறையுமா?

அந்த அர்த்தம் எப்போதுமே கிடையாது. பழங்காலத் திருச்சபையில் 300 நாள் தவம் செய்தால் கிடைக்கக்கூடிய பயனுக்கு ஈடு என்பதுதான் அதன் பொருள். திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-இல் இந்த நாள் கணக்கையே எடுத்துவிட்டார். இப்போது இருப்பது இரண்டே வகை: முழுத் தண்டனையையும் நீக்கும் பரிபூரண பலன், ஒரு பகுதியை நீக்கும் பகுதிப் பலன். பாட்டியின் செபங்களைத் தாராளமாகச் சொல்லுங்கள், கணக்கை மட்டும் விடுங்கள்.

நிபந்தனைகள் என்னென்ன?

முதலில், குறித்த பக்திச் செயலைச் செய்ய வேண்டும். அதோடு பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபம் (ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறைந்த மந்திரம் போதும்). பாவசங்கீர்த்தனம் அன்றைக்கே செய்ய வேண்டியதில்லை, முன்னும் பின்னும் சுமார் 20 நாள் வரை இடம் உண்டு, ஒரே பாவசங்கீர்த்தனம் பல பலன்களுக்கும் போதும். நற்கருணை மட்டும் ஒவ்வொரு பலனுக்கும் தனித்தனியே வாங்க வேண்டும். சாகும் தறுவாயைத் தவிர, ஒரு நாளைக்கு ஒரு பரிபூரண பலன்தான்.

அற்பப் பாவத்தின் மேல்கூடப் பற்று இருக்கக் கூடாது என்கிறார்களே, அது யாரால் முடியும்? இதைப் படித்துவிட்டு முயற்சியையே விட்டுவிட்டேன்.

தயவுசெய்து விடாதீர்கள். இனி ஒருபோதும் விழவே மாட்டேன் என்ற உத்தரவாதத்தை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. 'ஆண்டவரே, மற்றதையெல்லாம் விட்டுவிடுகிறேன், இது ஒன்றை மட்டும் கேட்காதீர்' என்று மனதில் ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி. சொத்துத் தகராறில் தம்பியோடு பேச்சை நிறுத்தியிருப்போம், பேசக் கூடாது என்பதிலேயே ஒரு சுகம் இருக்கும், பூசைக்கும் தவறாமல் போவோம். பற்று என்றால் அதுதான். பலவீனத்தால் விழுவது வேறு, விரும்பிப் பிடித்துக்கொண்டிருப்பது வேறு. அந்தப் பிடி முழுக்கத் தளரவில்லை என்றாலும், மனம் வருந்திச் செய்தது வீண் போகாது, பகுதிப் பலன் கிடைக்கும். எத்தனை கோயில் சுற்றினோம் என்பதைவிட இந்த ஒரு நிபந்தனையில் நேரம் செலவிடுங்கள் என்பேன், பலனின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

இறந்துபோன அப்பாவுக்காகப் பெற முடியுமா? அவர் கல்லறை வேறு ஊரில் இருக்கிறது. கோயிலுக்கே வராத அண்ணனுக்காக?

அப்பாவுக்காகக் கட்டாயம் முடியும். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்துக்குப் போய், மனதுக்குள்ளாவது இறந்தோருக்காகச் செபித்தால், மற்ற நிபந்தனைகளோடு நாளுக்கொரு பரிபூரண பலன் உண்டு, அது இறந்தவர்களுக்கு மட்டுமே உரியது. எந்த ஊர்க் கல்லறையானாலும் சரி. நவம்பர் 2 அன்று கோயிலைச் சந்தித்துப் பரலோக மந்திரமும் விசுவாசப் பிரமாணமும் சொல்லியும் பெறலாம். ஆனால் உயிரோடு இருக்கும் இன்னொருவருக்காகப் பலனை ஒப்புக்கொடுக்க முடியாது. அண்ணனுக்காகச் செபியுங்கள், அவரோடு பேசுங்கள்.

பெந்தெகோஸ்தே நண்பர் ஒருவர், 'உங்கள் சபை மன்னிப்பை விற்றது' என்கிறார். என்ன சொல்வது?

வியாபாரம் நடந்தது உண்மை, அதை மறைத்துப் பேசாதீர்கள். ரோமில் பேதுரு பேராலயம் கட்டவென்று ஜெர்மனியில் டெட்செல் என்ற துறவி போன்றவர்கள் பலன்களைச் சொல்லிப் பணம் திரட்டியதை எதிர்த்துத்தான் 1517-இல் லூத்தர் 95 வாதங்களை எழுதினார். அந்த முறைகேட்டின் மேல் வந்த கோபம் நியாயமானது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1562-இல் பணம் திரட்டுவோர் பதவியையே ஒழித்தது, திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் (பயஸ்) 1567-இல் காசோடு இணைந்த பலன்களை ரத்து செய்தார். இன்றைக்கு யாராவது பலனுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள்.

2025 யூபிலி புனித ஆண்டு முடிந்துவிட்டது, ரோமுக்கும் போகவில்லை. அம்மா படுத்த படுக்கை. எங்களுக்கு வழி?

வீட்டிலேயே வழி இருக்கிறது. குடும்பமாகச் சேர்ந்து ஜெபமாலை சொன்னாலும், அரை மணி நேரம் பக்தியோடு வேதாகமம் வாசித்தாலும் எந்த நாளிலும் பரிபூரண பலன் உண்டு. சாமியாரை வீட்டுக்கு அழைத்து அம்மாவுக்குப் பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் கொடுக்கச் சொல்லுங்கள். அம்மாவால் செய்ய முடியாததற்குப் பதிலாக முடிந்த ஒன்றை மாற்றித் தர பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவுக்கு அதிகாரம் இருக்கிறது, அதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.