கெர்னல் பில்டு ஆகிவிட்டது, டாக் மட்டும் செத்துக் கிடக்கிறது, ஏன்?

வாசகர் கேள்வி: மூன்று மாடல் மினி பிசிகளுக்கு ஒரே லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), மாடலுக்கு ஒரு கான்ஃபிக் ஃபைல் (கெர்னலில் எது வேண்டும், எது வேண்டாம் என்ற விடைகள்) வைத்திருக்கிறோம். 5.4-இலிருந்து நேராக 6.6-க்குத் தாவினோம். பழைய ஃபைலைப் போட்டு, புதிய ஆப்ஷன்களுக்கு டிஃபால்ட்டை நிரப்பும் 'மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக்' அடித்தோம், பில்டும் முடிந்தது. ஆனால் ஒரு மாடலில் தண்டர்போல்ட் டாக் (ஒரே கேபிளில் பல சாதனங்களை இணைக்கும் பெட்டி) வேலை செய்யவில்லை. கான்ஃபிக் சரியாகத்தானே இருக்கிறது?

பதில்: சரியாகத்தான் இருக்கிறது, வம்பே அதுதான். ஃபைலில் உள்ள விடைகள் இந்தப் பதிப்பின் விதிகளுக்குள் அடங்குகின்றனவா என்றுதான் கேகான்ஃபிக், அதாவது கெர்னலின் கான்ஃபிக் கருவி, பார்க்கும். நீங்கள் கேட்டது இன்னும் அதில் இருக்கிறதா என்பது அதன் கவலையே இல்லை. உங்கள் பழைய ஃபைலில் 'கான்ஃபிக்_தண்டர்போல்ட்=எம்' என்று ஒரு வரி இருந்திருக்கும் ('எம்' என்றால் தனி மாட்யூலாக வேண்டும்). 5.6-இல், தண்டர்போல்ட்டை அடிப்படையாகக் கொண்ட யூஎஸ்பி4-க்கு ஆதரவு வந்தபோது அந்த ஆப்ஷனின் பெயரே 'யூஎஸ்பி4' என்று மாறிவிட்டது. பழைய பெயர் கேகான்ஃபிக்குக்குத் தெரியாது, சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டது. புதுப் பெயருக்கு நீங்கள் எதுவும் சொல்லவில்லை, அதனால் டிஃபால்ட்படி 'வேண்டாம்'.

இன்னொன்றும் கவனியுங்கள். ஃபைலில் ஹேஷ் குறி போட்டு 'இஸ் நாட் செட்' என்று முடியும் வரிகள் கமெண்ட் மாதிரி இருக்கும், ஆனால் அவை கமெண்ட் இல்லை. 'கேட்டார்கள், வேண்டாம் என்றேன்' என்ற பதிவு. வரியே இல்லை என்றால்தான் 'இன்னும் கேட்கவில்லை' என்று அர்த்தம். 2018-இல் 4.18 தயாரானபோது இதே இடத்தில் கெர்னல்காரர்களே சறுக்கப் பார்த்தார்கள். கம்பைலருக்கு ஏற்ற வலுவான ஸ்டாக் புரொடெக்டரை (நினைவகத்தின் ஸ்டாக் பகுதியில் அத்துமீறி எழுதப்படுவதைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு) தானே தேர்ந்தெடுக்கும் 'ஆட்டோ' என்ற ஆப்ஷனை எடுத்துவிட்டார்கள். ஆட்டோ வைத்திருந்தவர்களின் ஃபைலில் 'ஸ்ட்ராங்' என்பதற்கு நேரே 'நாட் செட்' என்றிருக்கும், புதிய ஆப்ஷன்களை மட்டும் கேட்கும் 'ஓல்டுகான்ஃபிக்' அதைப் பயனரே சொன்ன 'வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டு பலவீனமான பாதுகாப்புக்கு இறக்கிவிடும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதைச் சரிசெய்த விதம் வேடிக்கையானது: ஆப்ஷன்களின் பெயரில் இருந்த 'சிசி_' என்ற முன்னொட்டை வெட்டினார், பழைய 'வேண்டாம்' மறந்துபோய் டிஃபால்ட்டான 'வேண்டும்' வந்து உட்கார்ந்தது. உங்களைக் கடித்த அதே பெயர்மாற்றம் அங்கே மருந்தானது!

சரி, என்ன செய்யலாம்? மாடலுக்கு ஒரு முழுக் கான்ஃபிக் ஃபைல் வைப்பதை முதலில் விடுங்கள். ஆயிரக்கணக்கான வரிகளில் எது நீங்கள் கேட்டது, எது தானாக வந்தது என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. அந்த மாடலுக்கு அவசியமானவற்றை மட்டும் ஒரு சின்னத் துண்டு ஃபைலில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மேலே ஏன் என்று ஒரு வரி போட்டு, கெர்னலோடு வரும் 'மெர்ஜ்_கான்ஃபிக்' ஸ்கிரிப்டால் பொதுக் கான்ஃபிக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட மதிப்பு கடைசி ஃபைலில் இல்லை என்றால் அது பெயரோடு சொல்லும். ஆனால் சொல்வதோடு சரி, பில்டு பாட்டுக்கு ஓடும். அதனால் அந்த வாசகம் வந்தால் பில்டை நிறுத்தும்படி சிஐயில் (தானாக பில்டு செய்து சோதிக்கும் அமைப்பில்) எழுதிவிடுங்கள். காரணம் தெரிய, மெனு வடிவில் கான்ஃபிக்கைக் காட்டும் 'மெனுகான்ஃபிக்'கில் சாய்கோடு அழுத்தித் தேடினால், எந்த டிபெண்டன்சி (அந்த ஆப்ஷனுக்கு முன்தேவையான வேறொன்று) நிறைவேறவில்லை என்று காட்டும்.

'சேவ்டெஃப்கான்ஃபிக்' போதாதா என்று சிலர் கேட்பார்கள். அது டிஃபால்ட்டிலிருந்து மாறியதை மட்டும்தான் எழுதும்; நாளைக்கு டிஃபால்ட் மாறினால் நீங்களும் கூடவே மாறிவிடுவீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அப்புறம், அடுத்த முறை ஒரே தாவலாகத் தாவாமல், எல்டிஎஸ் (நீண்ட காலம் பராமரிக்கப்படும் பதிப்புகள்) படிகளில் ஏறுங்கள்; இந்த முறை 5.10, 5.15, 6.1 என்று ஏறியிருக்கலாம். ஒவ்வொரு படியிலும் ஓல்டுடெஃப்கான்ஃபிக்குக்கு முன்னால் 'மேக் லிஸ்ட்நியூகான்ஃபிக்' போட்டு, புதிய ஆப்ஷன்களின் பட்டியலைப் படியுங்கள்; அப்படிச் செய்திருந்தால் 5.10-இலேயே யூஎஸ்பி4 உங்கள் கண்ணில் பட்டிருக்கும்.

இப்போதைக்கு அந்த மாடலில் யூஎஸ்பி4-ஐ 'எம்' ஆக்குங்கள். மற்ற இரண்டு மாடல்களும் ஓடுகின்றன என்று விட்டுவிடாதீர்கள், 'டிஃப்கான்ஃபிக்' ஸ்கிரிப்டில் பழைய ஃபைலையும் புதியதையும் கொடுத்து, காணாமல் போனவற்றை ஒரு மாலை உட்கார்ந்து வரி வரியாகப் பாருங்கள்.