தீசிஸ் அத்தியாயத்தை அப்படியே ஆய்விதழுக்கு அனுப்பலாமா?

கேள்வி: கடலோரக் கிராமங்களில் நிலத்தடி நீர் உப்பாவது பற்றி பிஎச்.டி. செய்கிறேன். தீசிஸின் நான்காவது அத்தியாயத்தை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். 'எங்கள் விதிமுறைப்படி இல்லை' என்று ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது, ரிவியூவுக்கே போகவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் டிடிபி கடையில் பணம் கொடுத்தால் ஃபார்மட் செய்து தருகிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: கொடுக்காதீர்கள். கடைக்காரர் எழுத்துருவையும் ஓரத்து இடைவெளியையும் சரிசெய்து தருவார். அதற்காக மட்டும் ஒரு கட்டுரையைத் திருப்புவது குறைவு. எல்சவியர் பதிப்பகத்தின் பல இதழ்கள் முதல் முறை எந்த வடிவில் வந்தாலும் வாங்கிக்கொள்கின்றன. நீங்கள் அனுப்பியது கட்டுரை அல்ல, அத்தியாயம். சிக்கல் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தீசிஸ் முன்னுரையில் கெடிலம், தென்பெண்ணை, 2004 சுனாமி, 2011 தானே புயல் என்று மாவட்டத்தின் கதை முழுக்க வரும். தேர்வாளருக்கு அது வேண்டும். இதழுக்கு வேண்டாம். கடலூர் மணற்கல் அடுக்கிலிருந்து நீர் உறிஞ்சப்படுவது, கடல் எவ்வளவு பக்கம், மற்றவர்கள் இதுவரை கண்டது என்ன, இன்னும் தெரியாதது எது: இதற்கு ஒன்றரைப் பக்கம் போதும். முன்னுரையின் கடைசிப் பத்தியில் உங்கள் கேள்வி ஒரே வாக்கியத்தில் நிற்க வேண்டும். அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்லாத எதையும் கூசாமல் வெட்டுங்கள். உங்கள் கைடு வருத்தப்படலாம், பரவாயில்லை.

அடுத்து அட்டவணை. ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு பருவமும் தனித்தனி வரியாக இருந்தால், அதை இணைப்புக் கோப்பாக மாற்றிவிட்டு, கட்டுரையில் குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி மட்டும் வையுங்கள். நீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறனை மீட்டர் 1842 என்று காட்டியிருந்தால், அதற்கு எக்செல் 1842.3333 என்று சராசரி தரும். அதை அப்படியே விட்டால் ரிவியூவர் அங்கேயே முகம் சுளிப்பார். கருவி காட்டாத நுணுக்கத்தைச் சராசரி காட்டக் கூடாது. நேர்மின், எதிர்மின் அயனிகளின் சமநிலைப் பிழையையும் (இரண்டின் மொத்த மின்சுமையும் எவ்வளவு ஒத்துப்போகவில்லை என்பது) முறைகள் பகுதியில் சொல்லுங்கள். பொதுவாக 5 சதவீதத்துக்குள் எதிர்பார்ப்பார்கள். நீர் வேதியியல் தெரிந்தவர் முதலில் தேடுவது இதைத்தான். அட்டவணையைப் படமாக ஒட்டாமல் வேர்டிலேயே போடுங்கள்.

படங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டியிருப்பீர்கள், எல்லோரும் செய்வதுதான். புகைப்படத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), கோட்டுப் படத்துக்கு அதைவிடக் கூடுதல் என்று பெரும்பாலான இதழ்கள் கேட்கின்றன. இதழ்ப் பக்கத்தில் ஒரு காலத்தின் (column) அகலம் சுமார் 90 மில்லிமீட்டர் என்றால், 300 டிபிஐக்குக் குறுக்கே கிட்டத்தட்ட 1,060 பிக்சல் வேண்டும். கிராஃபை அந்த அகலத்துக்குச் சுருக்கி, ஒரு தாளில் பிரின்ட் எடுத்துப் பாருங்கள். கிராஃபின் அச்சுக் கோடுகளில் உள்ள எண்கள் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறதா? ஆய்வுப் பகுதி வரைபடத்துக்கு கூகுள் எர்த் படத்தை ஒட்டாமல், இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நீங்களே வரையுங்கள். அளவுகோல், வடக்குக் குறி, அட்சரேகை, தீர்க்கரேகை நான்கும் இருக்கட்டும்.

மேற்கோள் பட்டியலைக் கையால் தட்டச்சு செய்வதை இன்றோடு நிறுத்துங்கள். மேற்கோள்களைச் சேமித்து அடுக்கித் தரும் ஜொட்டேரோ மென்பொருள் இலவசம். இதழின் பாணியைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் முழுவதும் மாறிவிடும். அடுத்த இதழுக்குப் போகும்போதும் மறுபடி தட்ட வேண்டியதில்லை. ஆனால் நம் பெயர்களில் அது தடுமாறும். தமிழ்ப் பெயர் கொண்ட கட்டுரையாளர்களின் இனிஷியலைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் திறந்து, இனிஷியலை முதற்பெயர்க் கட்டத்துக்கு மாற்றுங்கள். உங்கள் பெயரையும் எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண்ணும் இலவசம், வாங்கிவிடுங்கள்.

இது தீசிஸின் பகுதி என்பதை இதழாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் சொல்லிவிடுங்கள். மறைத்தால்தான் தொல்லை.

மூன்றே நாளில் வெளியிடுகிறோம், பணம் அனுப்புங்கள் என்று வரும் மெயில்களை நம்பாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற இதழ்களின் யுஜிசி-கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது, எனவே இதழின் தரத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தீசிஸ் தருவதற்கு முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசியின் 2022 விதிகள் நீக்கிவிட்டன. ஆனால் பல்கலைக்கழகங்கள் தனியாக விதி வைத்திருக்கலாம், அலுவலகத்தில் கேளுங்கள்.

வந்த கடிதத்தை மறுபடி படியுங்கள். 'திருத்தி அனுப்பலாம்' என்று ஒரு வரி இருந்தால் அதே இதழுக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் வேறு இதழுக்குப் போங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.