பழைய ரூட் பஸ்ஸில் ஏற்காடு: உங்கள் கேள்விக்குப் பதில்

நண்பருக்கு வணக்கம். தனியார் ஒருவரின் பழைய ரூட் பஸ்ஸை ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்த வாடகைக்குப் பேசி, இருபது பேராகச் சேலத்திலிருந்து ஏற்காடு போய்ப் படமெடுக்க விரும்புவதாகவும், உரிமையாளர் பெர்மிட்டை நினைத்துத் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அவர் தயங்குவது நியாயமே. வழித்தடப் பெர்மிட்டை மட்டும் வைத்துக்கொண்டு அப்படி ஓட்டக் கூடாது. ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 88(8) பிரிவின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஸ்பெஷல் பெர்மிட் வாங்கிவிட்டால், வழியில் வேறு பயணிகளை ஏற்றாமல் உங்கள் குழுவை மட்டும் அழைத்துச் செல்லலாம். தகுதிச் சான்றும் காப்பீடும் அந்தத் தேதியில் நடப்பில் இருக்குமா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஞாயிறு மட்டும் வேண்டாம். அடிவாரம் வழியாக ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. விடுமுறை நாளில் கார்கள் நெருக்கியடிக்க, பேருந்து தனியாக நிற்கும் ஒரு படம்கூடக் கிடைக்காது. வார நாளில், விடிந்ததும் கிளம்புங்கள்.

வளைவில் பேருந்தை நிறுத்தி இறங்குவது ஆபத்து. நான்கைந்து பேர் காரில் முன்னே போய், சாலையை விட்டு விலகி மேல் வளைவோரம் நின்றால், கீழே திணறி ஏறி வரும் பேருந்தின் கூரையும் முகப்பும் ஒரே சட்டகத்தில் அமையும். பேருந்துக்குள் இருப்பவர்கள், கியர் மாற்றும்போது நீண்ட கம்பியோடு சேர்ந்து ஓட்டுநரின் இடது முழங்கை அதிர்வதைத் தவறாமல் எடுங்கள். அந்த அழகு புதிய வண்டிகளில் இல்லை.