சிக்னலில் அணையும் எஸ்டீம்

வணக்கம் நண்பரே. பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்) போட்டு, ஃப்ளைவீலை (இன்ஜின் சுழற்சியைத் தாங்கும் கனச் சக்கரம்) லேத்தில் எடை குறைத்து, தனி ஈசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) வைத்த உங்கள் மாருதி எஸ்டீம் கார், சிக்னலில் கிளட்சை மிதித்ததும் அணைகிறது என்கிறீர்கள். ஈசியூ மேப்பில் (பெட்ரோல், டைமிங் அளவுகளின் அட்டவணை) கை வைக்கும் முன் காற்றுக் கசிவைப் பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரமாகக் கார்ப் கிளீனரைத் துளி அடியுங்கள். ஆர்பிஎம் மாறினால் ஓட்டை அங்கேதான்.

கசிவு இல்லையென்றால் எனக்குச் சந்தேகம் ஃப்யூல் கட் மீதுதான். ஆக்சிலேட்டரை விட்டதும் நிற்கும் பெட்ரோல், 1200 ஆர்பிஎம்மில் திரும்பினால் உங்களுக்குப் போதாது. லேசான ஃப்ளைவீல் மளமளவென இறங்கிவிடும், பிடிக்க நேரமே இருக்காது. 1800க்கு ஏற்றுங்கள். என் பழைய ஜென்னுக்கு இதே வியாதி. இந்த ஒரு எண்ணை மாற்றியதில் பாதி சரியானது.

மீதி, இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் எத்தனை டிகிரி முன்னதாக அடிக்கிறது என்பது. 1000 ஆர்பிஎம்மில் 12 டிகிரி இருந்தால், 700 கட்டத்தில் 17 வையுங்கள். வேகம் விழும்போது இன்ஜின் தானே தூக்கிக்கொள்ளும். இந்தக் கேமுக்கு 800இல் ஐடில் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது ஓடும் வேகம்) நிற்காது, 1050 வையுங்கள். வைட்பேண்ட் (புகையில் ஆக்சிஜனை அளக்கும் சென்சார்) லீன், அதாவது பெட்ரோல் குறைவு என்று காட்டினாலும் உடனே நம்ப வேண்டாம். கேம் ஓவர்லேப்பில் (உள், வெளி வால்வுகள் இரண்டும் திறந்திருக்கும் நேரம்) எரியாமல் வெளியேறும் காற்று அப்படி ஏமாற்றும்.

ஏசி போட்டும் ஒருமுறை சோதித்துவிட்டு ஈசியூ பதிவை (லாக்) அனுப்புங்கள், பார்க்கிறேன்.