ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, ஆனால் நெஞ்சு வலி நிற்கவில்லை

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. பதினைந்து வருடமாகச் சுகரும் பிரஷரும் உண்டு. மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, உட்கார்ந்தால் ஐந்து பத்து நிமிடத்தில் சரியாகிறது. ஆஞ்சியோகிராம் செய்துவிட்டு, 'பிளாக் இல்லை, கேஸாக இருக்கும்' என்று அனுப்பிவிட்டார்கள். போன மாதம் தலைச்சுற்றலுக்காக மூளை எம்.ஆர்.ஐ. எடுத்தோம். 'சிறு ரத்தக்குழாய் பாதிப்பு, ஃபசேகாஸ் கிரேடு 2' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இரண்டும் ஒரே நோயா? இன்னும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மாவுக்கு வருவது நிஜமான வலி என்பதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். படி ஏறினால் வந்து, உட்கார்ந்தால் போகிற இறுக்கத்தைக் கேஸ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. (ஆரம்ப காலத்தில் நானும் அப்படிச் சிலரை அனுப்பியிருக்கிறேன். அவர்களில் முக்கால்வாசி பெண்கள்.)

ஆஞ்சியோவில் தெரிவது இதயத்தின் மேல்பரப்பில் ஓடும் பெரிய குழாய்கள். சுமார் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அதில் ஒன்றும் புலப்படாது. ஆனால் தசைக்கு எவ்வளவு ரத்தம் பாய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் அந்தச் சின்னக் குழாய்கள்தான். நீங்கள் டெல்டாக்காரர், உங்களுக்கு விளக்கவே வேண்டாம்: ஆற்றில் தண்ணீர் புரண்டு ஓடும், கடைமடை காய்ந்து கிடக்கும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இந்தத் தொல்லையை அடிக்கடி பார்க்கிறோம்.

சின்னக் குழாயை நேரே படம் பிடிக்க முடியாது. அதனால் ரத்த ஓட்டத்தை அளக்கிறோம். அடினோசின் என்ற மருந்தை ஊசி வழியாகச் செலுத்தினால் நல்ல குழாய்கள் விரிந்து, ஓட்டம் மூன்று நான்கு மடங்கு கூடும். இரண்டு மடங்குகூட ஏறவில்லை என்றால் குழாய் விரிய மறுக்கிறது என்று அர்த்தம். இதை பெட் ஸ்கேனில் (கதிர்வீச்சுள்ள மருந்தை ரத்தத்தில் செலுத்தி எடுக்கும் படம்) எண்ணாகவே அளக்கலாம். ஆனால் அதற்குப் பயன்படும் அம்மோனியா மருந்தின் கதிர்வீச்சு பத்து நிமிடத்தில் பாதியாகிவிடும், அதைத் தயாரிக்கும் இயந்திரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எனவே எல்லா ஊரிலும் கிடைக்காது. ஸ்ட்ரெஸ் எம்.ஆர்.ஐ., அதாவது அடினோசின் கொடுத்து எடுக்கும் இதய எம்.ஆர்.ஐ., பெரிய நகரங்களில் கிடைக்கிறது. ஒரு குழாயில் அடைப்பு இருந்தால் அதன் பங்குத் தசை மட்டும் படத்தில் இருண்டிருக்கும். சின்னக் குழாய் நோயில் இதயத்தின் உள்விளிம்பு முழுக்க மெல்லிய கறுப்பு வளையம் போலத் தெரியும். இந்த டெஸ்டுக்கு முந்தின நாளிலிருந்தே காபி, டீ கூடாது. காபியில் உள்ள கஃபீன் அடினோசினை வேலை செய்ய விடாது. மருந்து ஏறும்போது ஓரிரு நிமிடம் நெஞ்சு கனக்கும், முகம் சிவக்கும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பயந்துவிடப் போகிறார்.

மூளை ஸ்கேன் கதை வேறு. அங்கே நாம் பார்ப்பது ஓட்டத்தை அல்ல, நடந்து முடிந்த சேதத்தின் தடத்தை. ஃபிளேர் என்ற படத்தில் மூளை நீர் கறுப்பாகிவிடும், ரத்தம் போதாமல் வாடிய இடங்கள் வெள்ளையாக எடுத்துக் காட்டும். இந்த வெள்ளை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சொல்லும் அளவுகோல்தான் ஃபசேகாஸ்: அங்கங்கே புள்ளிகளாக இருந்தால் கிரேடு 1. புள்ளிகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கினால் 2. திட்டுத்திட்டாகக் கலந்துவிட்டால் 3. அம்மா நடுவில் இருக்கிறார். 61 வயதுக்கு இது கொஞ்சம் கூடுதல்தான். அதற்காக நாளைக்கே மறதி நோய் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. நடை மெதுவாகிறதா, யோசிக்க நேரம் பிடிக்கிறதா என்று கவனியுங்கள். நுண்கசிவுப் புள்ளிகள் (சின்னக் குழாயிலிருந்து ரத்தம் கசிந்த தடங்கள்) உண்டா என்றும் ரிப்போர்ட்டில் பாருங்கள். பக்கவாதமே வராதவருக்கு இந்த வெள்ளைப் புள்ளிகளுக்காக மட்டும் ஆஸ்பிரின் தேவையில்லை, கசிவு இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று ஆரம்பித்துவிடாதீர்கள்.

இரண்டும் ஒரே நோயா என்றால், ஒரே காரணங்களால் இரண்டு இடத்தில் விளைந்தது என்பேன். மூளையில் இருப்பதால் இதயத்திலும் இருந்தே தீரும் என்று சொல்ல முடியாது, சந்தேகம் வலுக்கிறது, அவ்வளவுதான்.

வைத்தியத்தில் முதல் இடம் பிரஷருக்கு. அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் ஆய்வில், மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு, 140-ஐ இலக்காக வைத்தவர்களைவிட இந்த வெள்ளைப் புள்ளிகள் மெதுவாகப் பெருகின. ஆனால் அதில் சுகர் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. எனவே உங்கள் அம்மாவுக்கு 130/80-க்குக் கீழே என்பதே என் கணக்கு. அதோடு ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை), சுகர் கட்டுப்பாடு, தினசரி நடை. நெஞ்சு இறுக்கத்துக்கென்றே மாத்திரைகள் உண்டு, இதய மருத்துவரிடம் 'சின்னக் குழாய் நோயாக இருக்குமா?' என்று நேரடியாகக் கேளுங்கள். வலி இருபது நிமிடம் தாண்டினாலோ, பேச்சு குழறி வாய் கோணினாலோ 'ஆஞ்சியோ நார்மல்தானே' என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

அப்புறம் அந்தத் தலைச்சுற்றல். அதற்கு இந்தப் புள்ளிகள்தான் காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொரு முறை பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினால், மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டியிருக்கும். ஒரு வாரம் நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக மாத்திரையைக் குறைக்க வேண்டாம்.